இரண்டு பேருக்கு எத்தனை அடி? ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு

பிக்கப் டிரக்கில் மாட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடுதான் ஃபிஃப்த் வீல். அது விற்கும் இடத்துக்குப் போனால் முதலில் மனதைப் பறிப்பது சமையலறைதான். நடுவில் தனியாக நிற்கும் மேடை, வீட்டில் இருப்பதைவிடப் பெரிய ஃபிரிட்ஜ், எதிரே சாய்ந்துகொள்ளும் இரண்டு நாற்காலிகள், அதற்கு எதிரே டிவி, டிவிக்குக் கீழே மின்சாரக் கணப்பு. டெக்சாஸில் ஜூலை மாதம், வெளியே 102 டிகிரி வெயில். என் வீட்டுக்காரர் அந்தக் கணப்பின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பொய் நெருப்பு எரிவதை ரசித்துக்கொண்டு நின்றார். "ஏங்க, இந்த ஊருக்கு இது எதுக்கு?" என்று கேட்டேன். "குளிர்காலத்துல கொலராடோ போனா?" என்றார். வாங்கிவிட்டோம். 37 அடி. இரண்டே வருடத்தில் நஷ்டத்துக்கு விற்றோம். கொலராடோ போகவே இல்லை.

இப்போது இருப்பது 28 அடி. அந்த ஒன்பது அடியைக் குறைக்க நாங்கள் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, பிள்ளைகள் படித்துக் கிளம்பிய பிறகு ஊர் சுற்றலாம் என்று நினைக்கும் இரண்டு பேரை மனதில் வைத்துக்கொண்டு எழுதியது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரண டிராவல் டிரெய்லர் டிரக்கின் பின் பம்பருக்குக் கீழே கொக்கி மாட்டி இழுபடும். ஃபிஃப்த் வீல் அப்படியில்லை. பிக்கப் டிரக்கின் பின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலாக ஹிட்ச் என்ற மாட்டும் கருவி இருக்கும். டிரெய்லரின் உயர்ந்த மூக்கு அதன்மேல் ஏறி உட்காரும். மூக்கின் அடியில் தொங்கும் தடித்த இரும்புத் தண்டுக்குக் கிங்பின் என்று பெயர். ஐந்தாவது சக்கரம் எங்கே என்று தேட வேண்டாம். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வசத்தில் ஒரு வட்டச் சக்கரம் வைத்தார்கள். அதன் பெயர்தான் லாரி ஹிட்சுக்கு வந்து, அங்கிருந்து இதற்கும் வந்தது. எடை பின் அச்சின் மேலேயே இறங்குவதால் காற்றடித்தாலும் ஆட்டம் குறைவு. அதற்கு விலையாக, டிரக்கின் முதுகில் பெரிய பாரம் ஏறும். அளவு பற்றிய தகராறு முழுக்க அந்தப் பாரத்தில்தான் இருக்கிறது.

முதல் படி: போகும் இடங்களை எழுதுங்கள்

வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு தாளில், வரும் ஒரு வருடத்தில் போக நினைக்கும் பத்து இடங்களை எழுதுங்கள். கனவு இடங்களை விடுங்கள், நிஜமாகவே போகப் போகும் இடங்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு இடத்தின் முன்பதிவு விவரத்தைத் திறந்து, எத்தனை அடி வரை அனுமதி என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்த்தால் தாளே பேசும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் உள்ள மேதர் கேம்ப்கிரவுண்டில் 30 அடிக்கு மேல் இடமில்லை. அதைவிட நீளம் என்றால் பக்கத்திலிருக்கும் டிரெய்லர் வில்லேஜுக்குப் போக வேண்டும். அங்கே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் உண்டு, வாடகையும் அதற்குத் தகுந்தபடி. எங்கள் டெக்சாஸில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் சீசோஸ் பேசினுக்கு ஏறும் பாதை கொண்டை ஊசி வளைவுகளாகப் போகும். 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுவராதீர்கள் என்று பூங்காவே சொல்கிறது. ஆக அங்கே ஃபிஃப்த் வீல் கணக்கிலேயே இல்லை. கீழே ரியோ கிராண்டே வில்லேஜில் நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

மாநிலப் பூங்காக்கள் பலவும் இதே கதைதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அமெரிக்க அரசு பூங்காக்களைக் கட்டியது. எங்கள் மாநிலத்தின் கார்னரும் பாலோ டூரோ கேன்யனும் அப்படி வந்தவை. கல் வேலை அவ்வளவு அழகு. ஆனால் அந்தக் கால வண்டியின் அளவு வேறு. பழைய வளைவுகளில் 40 அடி வண்டி திரும்பினால் ஏதாவது ஒரு மரத்தின் பட்டை உரியும். பாலோ டூரோவில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சாலை 10 சதவீதச் சரிவு. நீளத்தோடு எடையும் அங்கே பயமுறுத்தும்.

தாளில் இருப்பவை பெரும்பாலும் தனியார் ஆர்வி பார்க்குகளா, அதாவது இந்த மாதிரி வீட்டு வண்டிகள் நிறுத்தித் தங்கவென்றே இருக்கும் இடங்களா? அப்படியென்றால் கவலை குறைவு. நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் புல்-த்ரூ இடங்கள் அங்கே உண்டு, 60, 70 அடி வரைகூட. அரிசோனாவிலோ டெக்சாஸின் தென்கோடியிலோ குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை.

என் சொந்தக் கணக்கு இது. வாரக் கடைசிக்கும் ஒரு வாரப் பயணத்துக்கும் என்றால் 24 முதல் 28 அடி. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் சுற்றுகிறவர்களுக்கு 28 முதல் 32. வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கு 32 முதல் 36. அதற்கு மேல் போனால் அது ஒரு இடத்தில் நிறுத்திவைத்துக்கொள்ளும் வீடு, அவ்வளவுதான். மறுப்பவர்கள் இருப்பார்கள். 42 அடியைச் சர்வசாதாரணமாக ஓட்டும் தம்பதிகளை நானே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அதற்குத் தகுந்த டிரக்கும் இருந்தது.

இன்னொன்று. விளம்பரத்தில் உள்ள மாடல் எண்ணை நீளம் என்று நினைத்துவிடாதீர்கள். 28 என்று தொடங்கும் மாடல் 32 அடி இருக்கலாம். மூக்கிலிருந்து பின் ஏணி வரை மொத்த நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். டிரக்கோடு சேர்த்து எவ்வளவு என்பதையும் பாருங்கள். மூக்கு டிரக்கின் மேல் ஏறிவிடுவதால் இரண்டையும் அப்படியே கூட்ட வேண்டாம், நாலைந்து அடி கழியும். 30 அடி டிரெய்லரும் நாலு கதவு டிரக்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 46 அடி வரும்.

இரண்டாம் படி: கதவோரத்து மஞ்சள் ஒட்டு

இதைத்தான் நாங்கள் கோட்டை விட்டோம். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறங்கள். கதவு மூடும் இடத்தில், உள்பக்கத் தூணில், வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஒட்டு இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். அதுதான் பேலோட். டிரக் எத்தனை பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போடும் எண் வேறு, இது வேறு. விற்பனையாளர் முதல் எண்ணைச் சொல்வார். நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள்.

எங்கள் டிரக் டீசல், முக்கால் டன் என்று இங்கே சொல்லும் வகை. விளம்பரத்தில் 15,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று இருந்தது. கதவோரத்து ஒட்டில் 2,340. டீசல் இன்ஜினே கனம் என்பதால் இந்த வகை டிரக்குகளில் பேலோட் இப்படித்தான் குறைந்து நிற்கும்.

இப்போது கழிக்கத் தொடங்குங்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து 285 பவுண்டு. தொட்டியில் பொருத்திய ஹிட்ச் 140. கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள் என்று தொட்டியில் கிடப்பது 150. மொத்தம் 575. மீதி 1,765. டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடை இந்த 1,765க்குள் அடங்க வேண்டும்.

ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். கணக்குப் போட 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜாக்கிரதைப் பேர்வழிகள் 22 வைப்பார்கள். 1,765 என்பது 20 சதவீதம் என்றால் மொத்தம் 8,825. 22 சதவீதம் என்றால் சுமார் 8,020. ஆக, சாமான் ஏற்றிய நிலையில் எட்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு டிரெய்லர்தான் எங்கள் டிரக்குக்கு. பதினையாயிரம் எங்கே, எட்டாயிரம் எங்கே!

எங்கள் 37 அடி டிரெய்லரை வாங்கி நாலு மாதம் கழித்துத்தான் எடை போட்டோம். லாரிகள் டீசல் போடும் பெரிய டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை இருக்கும். பதினைந்து டாலர் அளவில் கொடுத்தால் சீட்டு கையில் கிடைக்கும். மூன்று பலகைகள் இருக்கும். டிரக்கின் முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் அடுத்ததில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். எங்கள் சீட்டு: முன் அச்சு 4,640, பின் அச்சு 6,200, டிரெய்லர் 10,300. டிரக்கின் இரண்டு அச்சையும் கூட்டினால் 10,840. அந்த டிரக்குக்கு அனுமதித்த மொத்த எடை 10,000. 840 பவுண்டு கூடுதல் பாரத்தோடு நாங்கள் நாலு மாதம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்த்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

விற்ற இடத்தில் "தாராளமா இழுக்கும்" என்று சொல்லியிருந்தார்கள். இழுத்தது, பொய்யில்லை. இழுப்பதற்கும் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

டிரெய்லர் பக்கத்திலும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஆலையிலிருந்து வெளிவந்த வெற்று எடை. இன்னொன்று ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது எல்லாம் ஏற்றிய பிறகும் தாண்டக்கூடாத எடை. வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. அதில் உங்கள் பாத்திரம் இல்லை, தண்ணீர் இல்லை, பேட்டரியும் பெரும்பாலும் இல்லை. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 50 காலன் நிரப்பினால் 417. இரண்டு பேர் எவ்வளவு அடக்கமாக எடுத்துவைத்தாலும் ஆயிரம் பவுண்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபிஃப்த் வீலில் பெரிய சாமான் அறை முன்பக்கம், மூக்குக்குப் பின்னாலேயே இருக்கும். காஸ் சிலிண்டர், பேட்டரி எல்லாமும் அங்கேதான். நீங்கள் ஏற்றுவதில் பெரும்பங்கு நேரே கிங்பின் மேல் போய் உட்காரும். கையேட்டில் போட்டிருக்கும் மூக்கு எடையை நம்பி இறங்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஜி.வி.டபிள்யூ.ஆரில் 20 சதவீதம் என்று கணக்கிடுங்கள், ராத்திரி தூக்கம் வரும்.

டிரக் இன்னும் வாங்கவில்லை என்றால் உங்கள் பாடு கொண்டாட்டம். டிரெய்லரை முதலில் முடிவு செய்துவிட்டு அதைச் சுமக்கும் டிரக்கைத் தேடலாம். ஒரு டன் வகை, அதிலும் பின்னால் நாலு சக்கரம் வைத்த டூவலி என்றால் பேலோட் 5,000க்கு மேலும் போகும். அது அன்றாடம் காய்கறிக் கடைக்குப் போகும் வண்டி அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதன் இடுப்பே எட்டடி அகலம். நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், வண்டியில் உட்கார்ந்தபடியே வேலையை முடிக்கும் வங்கி ஜன்னல் வரிசைக்குள் நுழையவே இல்லை.

தொட்டியின் நீளமும் ஒரு விஷயம். எட்டடித் தொட்டி என்றால் கவலையில்லை. ஆறரை அடி என்றால் கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூலை டிரக்கின் பின் கண்ணாடியில் இடிக்க வாய்ப்புண்டு. நகரும் ஹிட்சோ, மூலை வெட்டிய மூக்குள்ள டிரெய்லரோ வேண்டியிருக்கும். ஐந்தரை அடித் தொட்டியோடு வருகிறவர்களுக்கு என் யோசனை, சாதாரண டிராவல் டிரெய்லரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: உயரம்

நீளத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃபிஃப்த் வீல்கள் 12 அடிக்கு மேலே, பெரியவை 13 அடி 5 அங்குலம் வரை நிற்கும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி உச்சம் 13 அடி 6 அங்குலம். வட கரோலினாவின் டர்ஹமில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. உயரம் 11 அடி 8 அங்குலம். பல வருடங்கள் அதன் அடியில் புகுந்த லாரிகளின் கூரையை உரித்தெடுத்தே பெயர் வாங்கியது. 2019இல் அதைத் தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். இன்றைக்கும் பெரும்பாலான ஃபிஃப்த் வீல்கள் அதற்கு அடியில் போகாது.

சயான் தேசியப் பூங்காவின் மலைச் சுரங்கம் 1930இல் திறந்தது. 1.1 மைல் நீளம். 11 அடி 4 அங்குல உயரம் அல்லது 7 அடி 10 அங்குல அகலம், இதில் ஒன்றை எட்டினாலே பெரிய வண்டிக் கணக்கு. ஃபிஃப்த் வீல் அகலம் எட்டோ எட்டரையோ அடி இருக்கும், எனவே சின்னதும் இதில் மாட்டும். ஸ்பிரிங்டேல் பக்கமிருந்து பூங்காவுக்குள் வரும்படி பயணத்தைப் போட்டுக்கொண்டால் சுரங்கமே குறுக்கே வராது. கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையின் உயரமான நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் எந்த வண்டியும் போகக்கூடாது. எத்தனை சின்ன ஃபிஃப்த் வீல் வாங்கினாலும் டிரக்கோடு சேர்த்து அந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. அதற்காக அளவைக் குறைக்க வேண்டாம்.

வாங்கிய அன்றே, டிரக்கில் மாட்டிய நிலையில், தரையிலிருந்து கூரை ஏசியின் உச்சி வரை டேப் வைத்து அளந்து, எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்டுங்கள். கையேட்டு எண் வேண்டாம், உங்கள் அளவு.

நான்காம் படி: உள்ளே போய் ஒரு மணி நேரம் இருங்கள்

எடையும் நீளமும் ஒத்துவருகிற நாலைந்து மாடல்கள் கையில் இருக்கும்போது உள்ளே போங்கள். அதற்கு முன் போகாதீர்கள், மயங்கிவிடுவீர்கள்.

முதல் வேலை, ஸ்லைடுகளை உள்ளே இழுத்து மூடச் சொல்லுங்கள். ஸ்லைடு என்பது நிறுத்திய பிறகு சுவரோடு சேர்ந்து வெளியே நீளும் பகுதி. எல்லாம் விரித்து வைத்திருக்கும்போது எந்த டிரெய்லரும் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். மூடிய பிறகு கழிப்பறைக்குப் போக வழி இருக்கிறதா? ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறதா? நெடுஞ்சாலை ஓரத்தில் மத்தியானம் தயிர்சாத டப்பாவை எடுக்க ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை விரிக்க முடியாது. எங்கள் முதல் டிரெய்லரில் ஃபிரிட்ஜ் கதவு நாலு விரற்கடை திறக்கும், அவ்வளவுதான். என் கை உள்ளே போகும், டப்பா வெளியே வராது.

இரண்டாவது, சமையல். நம் சமையலை நினைத்து யாரும் இந்த வண்டிகளைக் கட்டவில்லை. அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் தொங்கும். நடுவில் இருக்கும் இடைவெளியில் உங்கள் குக்கர் விசிலோடு நிற்குமா என்று அளந்து பாருங்கள். நான் என் ஐந்து லிட்டர் குக்கரையே கூடவே எடுத்துப் போனேன். கடைக்காரர் சிரித்தார், பரவாயில்லை. புகைபோக்கி காற்றை நிஜமாகவே வெளியே தள்ளுகிறதா, இல்லை சலித்து மறுபடி உள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். வெளியே தள்ளும் வகை என்றால் வெளிச்சுவரில் ஒரு சிறிய மடிப்புக் கதவு தெரியும். உள்ளேயே விடும் வகையில் மிளகாய் வறுத்தால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். தலைக்கு மேலே பெரிய விசிறி வைத்த கூரை ஜன்னல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாவை அரைத்துக் கொண்டுபோனால் நாலு நாள் வரும்.

மூன்றாவது, உட்காரும் இடம். இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை, அனுபவத்தில் வந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார இரண்டு இடம் வேண்டும். ஒருவர் கிரிக்கெட் பார்ப்பார், இன்னொருவர் மகளோடு போனில் பேசுவார். மழை மூன்று நாள் விடாது பெய்யும். படுக்கையறைக்கு நிஜக் கதவு இருக்கிறதா, அங்கே ஒரு நாற்காலி போட இடமுண்டா, இல்லை சாப்பாட்டு மேசை சோபாவுக்கு முதுகு காட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்று சரியாக அமைந்தால் 28 அடி போதும். அமையாவிட்டால் 38 அடியும் நெரியும்.

நான்காவது, படுக்கை. ஃபிஃப்த் வீலில் படுக்கையறை முன்னால், மூக்குக்கு மேலே இருக்கும். இரண்டு மூன்று படி ஏற வேண்டும். முழங்கால் உங்களோடு எப்படி ஒத்துழைக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் ஒன்றாகப் படுத்துப் பாருங்கள். ஆர்வி குவீன் என்று எழுதியிருந்தால் நீளம் பெரும்பாலும் 74, 75 அங்குலம்தான். வீட்டுக் குவீன் மெத்தை 80 அங்குலம். கட்டிலின் இரு பக்கமும் இறங்க இடம் இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைத் தாண்டி இன்னொருவர் இறங்கும் வீட்டில் நிம்மதி இருக்காது.

பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்லி அடுக்குக் கட்டில் அறை வைத்த மாடலை வாங்காதீர்கள். அது ஆறேழு அடி நீளத்தையும் அதற்கேற்ற எடையையும் சேர்க்கும். வருடத்தில் ஒரு வாரம் வரும் பிள்ளைகளுக்கு சோபாவை விரித்தால் போதும். கூடாரம் போட்டுக் கொடுத்தால் இன்னும் குஷி. அந்த அறை மீதி 51 வாரமும் சாமான் அறையாகத்தான் கிடக்கும்.

ஐந்தாம் படி: தொட்டிகளும் மின்சாரமும்

மூன்று தொட்டி இருக்கும். நல்ல தண்ணீர், பாத்திரமும் குளியலும் போகும் சாம்பல் நீர், கழிப்பறை நீர். இணைப்பு உள்ள பார்க்குகளிலேயே தங்குவீர்கள் என்றால் அளவு பெரிய விஷயமில்லை. அரிசோனாவின் குவார்ட்ஸைட் போல, அரசுப் பாலை நிலத்தில் இணைப்பில்லாமல் தங்க ஆசை என்றால் சாம்பல் நீர்த் தொட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வீட்டில் அதுதான் முதலில் நிறையும். நாம் பாத்திரம் தேய்க்கிற தேய்ப்புக்கு எங்களுடையது நாலே நாளில் நிறைந்தது. இப்போது காகிதத்தில் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன், ஆறு நாள் வருகிறது.

மின்சாரம் இரண்டு வகை. 30 ஆம்ப் வண்டிக்கு 3,600 வாட் கிடைக்கும். 50 ஆம்ப் வண்டியில் இரண்டு தனித் தடம் வருவதால் 12,000 வாட். 30 அடிக்கு மேலே போகப்போக இரண்டு ஏசி வைத்த 50 ஆம்ப் வண்டிகள்தான் அதிகம். தெற்கு மாநிலங்களில் கோடையிலும் சுற்றுவோம் என்கிறவர்கள் இரண்டாவது ஏசிக்கு வயர் போட்டிருக்கிறதா என்றாவது பாருங்கள். பழைய பூங்காக்கள் பலவற்றில் 30 ஆம்ப் செருகிதான் இருக்கும் என்பதால் மாற்றுச் செருகி ஒன்று கையில் வேண்டும். அங்கே ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆகும்.

ஆறாம் படி: உரிமமும் ஒத்திகையும்

கனமான டிரெய்லருக்குச் சில இடங்களில் சாதாரண ஓட்டுநர் உரிமம் போதாது. டெக்சாஸில் டிரக்குக்கும் டிரெய்லருக்கும் அனுமதித்த உச்ச எடை இரண்டும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000க்கு மேல் இருந்தால் வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 10,000க்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு உரிமத்தில் தனி அனுமதி சேர்க்க வேண்டும், 15,000ஐத் தாண்டினால் கிளாஸ் ஏ. ஒன்டாரியோவில் சாதாரண ஜி உரிமத்தில் 4,600 கிலோ வரைதான் இழுக்கலாம், அதாவது சுமார் 10,100 பவுண்டு. டொரன்டோ பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் பெரியதைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சின்ன அளவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மாநில விதியைக் கையெழுத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னொன்றும் செய்யலாம். நீங்கள் நினைத்திருக்கும் அளவில் ஒரு ஃபிஃப்த் வீலை மூன்று ராத்திரிக்கு வாடகைக்கு எடுங்கள். கேம்ப்கிரவுண்டிலேயே கொண்டுவந்து நிறுத்திக் கொடுக்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள், டிரக்கே வேண்டாம். அந்த மூன்று நாளும் வெளியே சாப்பிடாமல் உள்ளேயே சமைத்து, உள்ளேயே குளித்து, துணியையும் உள்ளேயே உலர்த்திப் பாருங்கள். நாங்கள் 28 அடிக்கு வந்தது அப்படித்தான். இரண்டாம் நாள் காலை, காபி போட்டுக்கொண்டே, "இது போதும்ல?" என்று அவரே கேட்டார். அதிலும் ஒரு கணப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெரிய கடை ஒன்றின் காலி வாகன நிறுத்தத்துக்குப் போய்ப் பழகுங்கள். ஃபிஃப்த் வீல் திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் சந்திப்பைத் தாண்டி நன்றாக முன்னே போய்த்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின் சக்கரம் நடைபாதையில் ஏறும். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். நீளமானது மெதுவாகத்தான் திரும்பும், சின்னது சட்டென்று மடங்கிவிடும், இந்த ஒரு விஷயத்தில் பெரியதுதான் சாது.

ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும். எங்கள் முதல் சண்டை "இடது இடது" என்று நான் கத்தியதில் வந்தது. யாருடைய இடது என்று அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேட்டார். இப்போது இடது வலது என்ற பேச்சே கிடையாது. "டிரைவர் பக்கம்", "என் பக்கம்" (வண்டியில் நான் உட்காரும் பக்கம்) என்பதுதான். பக்கக் கண்ணாடியில் நான் தெரியவில்லை என்றால், காரணம் கேட்காமல் அவர் பிரேக்கை மிதித்துவிட வேண்டும்.